எச்சரிக்கை வாசகம் ஏன் அவ்வளவு வேகமாக ஓடியது?

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பள்ளியிலிருந்து நேராக இங்கே வந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், கிரிக்கெட் போட்டி நடந்த ஒரு மாலையில் உறவினர் வீட்டில் இருந்தேன். ஓவருக்கு ஓவர், பணம் கட்டி ஆடும் செயலி ஒன்றின் விளம்பரம் வந்தது. முடியும் இடத்தில் ஒரு குரல் மூச்சு விடாமல் எதையோ சொல்லி ஓடியது. எட்டாம் வகுப்புப் படிக்கும் அந்த வீட்டுப் பையன் அதே வேகத்தில் அதை ஒப்பித்துக் காட்டினான். நாக்குப் பிறழாமல் சொல்லிவிட்டதில் அவனுக்குப் பெருமை. "அதற்கு என்னப்பா பொருள்?" என்று கேட்டேன். தெரியாது என்றான். இந்த ஆட்டத்தில் பண இழப்புக்கு இடம் உண்டு, இது அடிமையாக்கக்கூடியது என்பதுதான் அதன் பொருள். அவனைப் போன்றவர்களைக் காக்க எழுதிய வாக்கியம் அவனுக்கு நாப்பயிற்சி ஆகியிருந்தது. அன்றுதான் இத்தகைய விளம்பரங்களுக்கான விதிகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

படித்ததும் கோபம் கூடியது. விதி இல்லாமல் இல்லை. இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் நெறிமுறைகள் 2020 டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தன. அச்சு விளம்பரமானால் பரப்பில் 20 சதவீதத்துக்குக் குறையாமல் எச்சரிக்கை இருக்க வேண்டும். ஒலியானால் இயல்பாகப் பேசும் வேகத்தில் சொல்ல வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர் ஆடுவதாகக் காட்டக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானதாக எனக்குப் பட்டது வேறொன்று: இந்த ஆட்டத்தை வருமான வழியாகவோ, வேலைக்கு மாற்றாகவோ காட்டக் கூடாது. வேலை தேடிக் களைத்த இளைஞனிடம் "உட்கார்ந்த இடத்தில் சம்பாதிக்கலாம்" என்று சொல்வதைப் போன்ற கொடுமை வேறில்லை. அவன் ஆசைப்பட்டு அங்கே போவதில்லை. வீட்டுச் செலவுக்குக் கொடுக்க வேண்டும் என்று போகிறான். ஆனால் அந்தக் கவுன்சில் விளம்பரத் துறையே 1985-இல் அமைத்துக்கொண்ட அமைப்பு. விளம்பரத்தைத் திருத்து, நிறுத்து என்று சொல்லும். சிறைக்கு அனுப்பும் அதிகாரம் அதற்கு இல்லை.

இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு லாட்டரிக் காலம் நினைவிருக்கும். 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்பட்டது. அதுவரை அந்த ஆசைக்கு ஒரு கடை இருந்தது, ஒரு தெருமுனை இருந்தது. அந்தத் தெருவைத் தவிர்த்து வேறு வழியாக நடக்கலாம். இன்றைய விளம்பரம், மகன் படுக்கையில் வைத்திருக்கும் தொலைபேசியில் நள்ளிரவில் வருகிறது. எந்தத் தெரு வழியாக நடப்பது?

சட்டங்களும் வந்துவிட்டன. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. அதன்படி விளம்பரம் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இன்னும் கடுமையானது: பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கு விளம்பரம் செய்தால் 2 ஆண்டுகள் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

அப்படியானால் ஏன் இன்னும் பார்க்கிறோம்? வேடம் மாற்றி வருவதால்தான். பந்தய நிறுவனம் தன் பெயரிலேயே ஒரு 'செய்தித் தளம்' தொடங்கும். அதே சின்னம், அதே நிறம். விளம்பரத்தில் செய்தித் தளத்தின் பெயர் இருக்கும். மனதில் பதிவது பந்தயத் தளம். இந்தப் பினாமி விளம்பரங்களை வெளியிட வேண்டாம் என்று தனியார் தொலைக்காட்சிகளுக்கும் இணையச் செய்தித் தளங்களுக்கும் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022 அக்டோபரில் அறிவுறுத்தியது. நிறுவனம் கடல் கடந்து உட்கார்ந்திருக்கும்போது அதை எட்டிப் பிடிப்பது கடினம். அதற்காக முகம் காட்டும் பிரபலமும், இடம் கொடுத்த ஊடகமும் இங்கேதான் இருக்கிறார்கள். நம் புகார் அவர்களைத்தான் முதலில் தொட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

புகார் எழுதும் முறையையும் சொல்கிறேன், ஏனென்றால் நானே முதலில் தவறாக எழுதினேன். "சூதாட்ட விளம்பரம் வருகிறது, நடவடிக்கை எடுங்கள்" என்று ஒற்றை வரி அனுப்பினேன். அதை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய முடியும்? எந்த நாள், எத்தனை மணி, எந்த அலைவரிசை, விளம்பரத்தில் வந்த சொற்கள் என்ன, எந்த விதியை அது மீறுகிறது என்று எழுத வேண்டும். தொலைபேசியில் வந்தால் அடுத்த நொடியில் அது மறைந்துவிடும். உடனே திரையை அப்படியே படம் (ஸ்கிரீன்ஷாட்) பிடித்துக்கொள்ளுங்கள், இணைப்பின் முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரத் தரக் கவுன்சிலின் இணையதளத்தில் புகார் பதியலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணத்தை ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

வாசல் அருகே மேசையில் தாளும் பேனாவும் வைத்திருக்கிறோம். இந்த வாரம் உங்கள் தொலைபேசியில் இப்படி ஒரு விளம்பரம் வந்திருந்தால், வீட்டுக்குப் போகும் முன் என்னுடன் பத்து நிமிடம் உட்காருங்கள். முதல் புகாரைச் சேர்ந்தே எழுதுவோம்.