‘ரியோ’: முதலில் காது, அப்புறம் கண்

நேயர்களுக்கு வணக்கம்.

1982 மே மாதம் இங்கிலாந்தில் ‘ரியோ’ என்று ஓர் ஆல்பம் வெளிவந்தது. பர்மிங்ஹாம் நகரத்தில் உருவான டுரான் டுரான் குழுவின் இரண்டாவது ஆல்பம். மொத்தம் ஒன்பது பாட்டு. 2001-ல் ஈஎம்ஐ நிறுவனம் அதன் ஒலியைத் துலக்கி, அந்தக் காலத்து வீடியோக்களையும் அதே சிடியில் சேர்த்து மறுபடி வெளியிட்டது. சாதாரண சிடி பிளேயரில் போட்டால் பாட்டு மட்டும் கேட்கும். கணினியில் போட்டால் படமும் ஓடும். அந்தப் பதிப்பைத் திரும்ப எடுத்துக் கேட்டும் பார்த்தும் முடித்த கையோடு இங்கே வந்திருக்கிறேன்.

இந்த ஆல்பத்தைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு உடனே படத்துக்குப் போய்விடும். நீலக் கடல், பாய்மரப் படகு, வண்ண வண்ண கோட்டு சூட்டு, யானை, காடு. பாட்டு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அழகான முகங்களை வைத்துப் பிழைத்த குழு என்று அந்த நாளிலேயே பல விமர்சகர்கள் இவர்களை ஒதுக்கினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த ஒன்பது பாட்டும் படமில்லாமலேயே நிற்கக்கூடியவை. வானொலியில் படம் காட்ட வழியில்லை என்பதால் இதைச் சொல்வதற்கு இதைவிட நல்ல இடமும் கிடையாது.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். கீபோர்டில் நிக் ரோட்ஸ், பேஸ் கிட்டாரில் ஜான் டெய்லர், டிரம்ஸில் ரோஜர் டெய்லர், கிட்டாரில் ஆண்டி டெய்லர், பாடுவது சைமன் லெ பான். மூன்று டெய்லர்கள் இருந்தாலும் ஒருவருக்கொருவர் சொந்தமில்லை. பர்மிங்ஹாமில் ரம் ரன்னர் என்றொரு இரவு விடுதி. அதை நடத்திய பெரோ சகோதரர்கள்தான் குழுவுக்கும் மேலாளர்கள். பையன்கள் அங்கேயே ஒத்திகை பார்த்தார்கள், அங்கேயே சில்லறை வேலையும் செய்தார்கள். இரவெல்லாம் அந்த விடுதியில் ஓடியது நடன இசை. பங்க் என்ற முரட்டு ராக் இசையின் அலை அடித்து ஓய்ந்த நேரம் அது. பங்க்கின் துடிப்பையும் டிஸ்கோவின் தாளத்தையும் ஒன்றாகப் போட்டால் என்ன வரும் என்பதுதான் இவர்களுடைய கேள்வி. பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸும் டிஸ்கோ குழுவான ஷீக்கும் ஒரே குழுவாக இருந்தால் எப்படியிருக்கும் என்று அவர்களே தங்கள் நோக்கத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஷீக் குழுவின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் குழு. அதில் பேஸ் வாசித்தவர் பெர்னார்ட் எட்வர்ட்ஸ், டிரம்ஸ் டோனி தாம்ப்சன். ஜான் டெய்லரும் ரோஜர் டெய்லரும் இந்த இருவரையும் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். ‘ரியோ’ முழுக்க அந்தப் பாடம் தெரிகிறது.

ஆல்பத்தின் முதல் பாட்டை, அதாவது ‘ரியோ’ என்ற பாட்டையே, ஹெட்போன் போட்டுக்கொண்டு கேளுங்கள். ஆரம்பத்தில் உலோகத்தைத் தேய்த்தாற்போல் ஒரு விநோத ஓசை பொங்கி எழுந்து வரும். மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் சிந்தசைசர் கருவி என்றுதான் எல்லோரும் நினைப்போம். நிக் ரோட்ஸ் சின்னச் சின்ன உலோகக் கம்பிகளைக் கிராண்ட் பியானோவின் தந்திகள் மேல் எறிந்து, அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து, நாடாவைத் தலைகீழாக ஓடவிட்டார். அதுதான் நாம் கேட்பது. அது அடங்கும்போது ரோலண்ட் ஜூபிடர்-4 சிந்தசைசரின் சுரங்கள் படிக்கட்டில் ஏறி இறங்குகிற மாதிரி சுழன்று வரும். அதற்கு அடியில் பேஸ் கிட்டார் நுழைகிறது. இங்கேதான் கவனிக்க வேண்டும். ராக் இசையில் பேஸ் வாசிப்பவர்கள் பெரும்பாலும் டிரம்ஸோடு ஒட்டி, அடி பிசகாமல், மற்றவர்களைத் தாங்கிக்கொண்டிருப்பார்கள். ஜான் டெய்லர் இங்கே பாட்டுக்குள் இன்னொரு பாட்டு வாசிக்கிறார். லெ பான் ஒரு வரியைப் பாடி மூச்சு வாங்கும் இடைவெளியில் பேஸ் துள்ளி மேலே போய்த் திரும்புகிறது. பல்லவி வந்ததும் ஓடுகிறது. நிற்கவே இல்லை. ஒருமுறை பேஸை மட்டும் பின்தொடர்ந்து முழுப் பாட்டையும் கேட்டுப் பாருங்கள். அப்புறம் இந்தக் குழுவை வெறும் அழகுப் பையன்கள் என்று சொல்ல வாய் வராது.

நடுவில் வரும் சாக்ஸபோன், ஆண்டி ஹாமில்டன் வாசித்தது. வீடியோவில் குழுவினரில் ஒருவர் சாக்ஸபோனைப் பிடித்துக்கொண்டு மிதப்பார். அதைப் பார்த்துவிட்டு வாசித்தவர் யார் என்று நினைத்துக்கொண்டோமோ அவர் வாசிக்கவில்லை.

தயாரிப்பாளர் கோலின் தர்ஸ்டன். பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியின் ‘ஹீரோஸ்’ ஆல்பத்தில் ஒலிப்பொறியாளராக வேலை செய்தவர். ‘ரியோ’வில் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் மும்முரமாக வாசிக்கிறார்கள். யாரும் யாருக்கும் வழிவிடுவதில்லை. ஆனாலும் எதுவும் எதையும் மூடவில்லை. எனக்கு இது கோலின் தர்ஸ்டனுடைய கைவேலையாகத்தான் படுகிறது.

‘ஹங்ரி லைக் தி வுல்ஃப்’ எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. சிவப்புத் தொப்பிச் சிறுமியும் ஓநாயும் கதைதான் அதன் வரிகளுக்கு வேர். ரோட்ஸ் ஜூபிடர்-8 சிந்தசைசரையும் தாள இயந்திரத்தையும் இணைத்து ஒரு துடிப்பை உருவாக்க, அதன் மேல் ஆண்டி டெய்லர் கனமான கிட்டாரை ஏற்றினார். பாட்டின் உருவம் ஒரே நாளில் கூடிவந்தது என்கிறார்கள். கேட்டாலும் அப்படித்தான் இருக்கிறது, யோசித்துத் தயங்கிய இடமே இல்லை. ‘மை ஓன் வே’ பாட்டை நான் வேகமாகத் தாண்டிவிடுவேன். தனி இசைத்தட்டாக முன்பே வந்த பாட்டு அது. ஆல்பத்துக்காக மறுபடி பதிவு செய்தும் மற்றவற்றோடு ஒட்டவில்லை.

கடைசிப் பாட்டு ‘தி ஷோஃபர்’. மற்ற எட்டுப் பாட்டும் ஐந்து பேர் கூடி ஆடும் ஆட்டம் என்றால் இது வேறு உலகம். ரோட்ஸின் சிந்தசைசரும் லெ பானின் குரலும்தான் பாட்டைத் தூக்கிச் செல்கின்றன. பாட்டு முடியும் வேளையில் லெ பான் ஒகரினா என்ற மண் ஊதலை ஊதுகிறார். வரிகள், அவர் 1978-ல் இஸ்ரேலில் ஒரு கூட்டுப்பண்ணையில் தங்கியிருந்தபோது எழுதிய கவிதை. குழுவில் சேர வாய்ப்புக் கேட்டு வந்த நாளில் அவர் கையில் வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தில் இந்தக் கவிதையும் இருந்தது. பாடகன் வேண்டும் என்று தேடியவர்களுக்குக் கவிதை எழுதத் தெரிந்தவனே கிடைத்துவிட்டான்.

சரி, இப்போது படங்களுக்கு வருவோம்.

எம்டிவி 1981 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமெரிக்காவில் தொடங்கியது. இருபத்துநான்கு மணி நேரமும் பாட்டுப் படம் ஓட்டும் தொலைக்காட்சி. ஆனால் ஓட்டுவதற்குப் போதிய படங்கள் இல்லை. பிரிட்டிஷ் குழுக்களிடம் இருந்தன. எம்டிவி முதன்முதலாக ஒளிபரப்பிய வீடியோவை இயக்கியவர் ரஸ்ஸல் மல்கேஹி என்ற ஆஸ்திரேலியர். அவரேதான் ‘ரியோ’வின் முக்கியமான வீடியோக்களையும் இயக்கினார். ‘ரியோ’ பாட்டை ஆன்டிகுவா தீவில் எடுத்தார்கள். அதற்கு முன், 1982 ஏப்ரலில், ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்குப் போகும் வழியில் இலங்கையில் இறங்கி மூன்று பாட்டுகளை எடுத்தார்கள்: ‘ஹங்ரி லைக் தி வுல்ஃப்’, ‘சேவ் எ பிரேயர்’, ‘லோன்லி இன் யுவர் நைட்மேர்’.

மேடையில் நின்று வாயசைப்பதைப் படம்பிடித்து அனுப்புவதுதான் அதுவரை பெரும்பாலும் வழக்கம். மல்கேஹி சினிமாவே எடுத்தார். ‘ஹங்ரி’ வீடியோவில் லெ பான் ஒரு கடையில் மேசையைக் கவிழ்த்துவிட்டு எழுகிறார், காட்டுக்குள் ஓடுகிறார், உடம்பில் வண்ணம் தீட்டிய பெண் ஒருத்தியைத் துரத்துகிறாரா, அவளால் துரத்தப்படுகிறாரா என்றே தெரியாது. நண்பர்கள் சந்தையிலும் தெருவிலும் அவரைத் தேடுகிறார்கள். ஆற்று நீரைப் பிளந்துகொண்டு அவர் தலை மெதுவாக மேலே எழும் ஒரு காட்சி உண்டு. இந்த வீடியோவைப் பார்த்த யாரும் அதை மறக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் சக்கைப்போடு போட்ட ஒரு ஹாலிவுட் சாகசப் படத்தின் சாயல் இதில் இருப்பது வெளிப்படை.

‘சேவ் எ பிரேயர்’ எனக்கு இன்னும் நெருக்கமானது. சிகிரியாக் குன்றின் உச்சியில் குழுவினர் நிற்க, கேமரா வானிலிருந்து அவர்களைச் சுற்றி வருகிறது. கீழே கண்ணுக்கெட்டிய வரை காடு. அப்புறம் பொலன்னறுவையின் இடிபாடுகள், புத்தர் சிலைகள், தென்கரைக் கடல். ரோட்ஸின் அந்தக் கீபோர்டு ஓசை சற்றே வழுக்கி, சுரம் நிலைகொள்ளாமல் அலையும் ஒன்று. அது அந்த நிலப்பரப்போடு சேரும் விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பிரிட்டனில் இந்தப் பாட்டு இரண்டாம் இடம் வரை போனது.

ஆனால் தமிழில் பேசிக்கொண்டிருக்கும் நான் அந்தப் படத்தை வேறொன்றையும் நினைக்காமல் பார்க்க முடியாது. 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலையில் கொழும்பிலும் பிற ஊர்களிலும் தமிழர்கள் வேட்டையாடப்பட்டார்கள். இந்த மூன்று வீடியோக்களும் அந்த இரண்டுக்கும் நடுவில் எடுக்கப்பட்டவை. பொலன்னறுவையில் படம்பிடித்தபோது சூழல் மிகவும் இறுக்கமாக இருந்தது, நாடு போரின் விளிம்பில் நின்றது என்ற பொருளில் ஜான் டெய்லரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதில் ஒரு துளிகூட படத்தில் இல்லை. நாட்டின் பெயர்கூட இல்லை. கடல், காடு, சிலை, யானை, சிரிக்கும் முகங்கள், அவ்வளவுதான். அதே பொலன்னறுவை ஒரு காலத்தில் சோழர்களின் இலங்கைத் தலைநகர். அவர்கள் கட்டிய வானவன்மாதேவி ஈச்சரம் இன்றும் அங்கே கல்லாக நிற்கிறது. இருபது வயதை ஒட்டிய பர்மிங்ஹாம் பையன்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தப் படங்கள் அழகானவை. அந்த அழகுக்கு வெளியே ஒரு நாடு இருந்தது. பார்க்கும்போது இரண்டையும் சேர்த்துத்தான் என்னால் பார்க்க முடிகிறது, அதனால் பாட்டின் மேல் உள்ள பிரியமும் குறைவதில்லை.

குழுவும் அங்கே சொகுசாகச் சுற்றிவிட்டுத் திரும்பவில்லை. படப்பிடிப்பில் நீருக்குள் விழுந்த ஆண்டி டெய்லருக்குப் பிறகு கடுமையான வயிற்றுக் கோளாறு வந்து மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று.

படங்கள் செய்த வேலையையும் சொல்ல வேண்டும். 1982-ல் அமெரிக்காவில் ‘ரியோ’ முதலில் எடுபடவே இல்லை. வானொலி நிலையங்கள் இவர்களைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எம்டிவி ‘ஹங்ரி’ வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டியது. கேபிள் வந்திருந்த ஊர்களில் பிள்ளைகள் கடைக்குப் போய்க் கேட்க ஆரம்பித்தார்கள். இதற்கிடையில் அமெரிக்காவில் ஆல்பத்தை வெளியிட்ட கேபிடல் நிறுவனம், தயாரிப்பாளர் டேவிட் கெர்ஷன்பாமைக் கொண்டு சில பாட்டுகளில் குரல், கருவிகளின் ஒலியளவை அமெரிக்கக் காதுகளுக்கு ஏற்றபடி மாற்றி மறுகலவை செய்து, அந்த ஆண்டுக் கடைசியில் ஆல்பத்தைப் புதிதாக இறக்கியது. 1983-ல் ‘ஹங்ரி’ அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம், ஆல்பம் ஆறாம் இடம். அடுத்த ஆண்டு கிராமி விருதில் வீடியோவுக்கான பரிசை முதன்முறையாக இரண்டாகப் பிரித்தார்கள். குறும்படம், நெடும்படம் என்ற இரண்டு பிரிவிலும் டுரான் டுரானுக்கே கிடைத்தது. படம் இல்லாவிட்டால் இந்தப் பேஸ் கிட்டார் அட்லாண்டிக்கைத் தாண்டியிருக்காது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

2001 மறுவெளியீட்டின் சிறப்பு இங்கேதான். பாட்டும் படமும் ஒரே தட்டில் இருந்தாலும் தனித்தனியாக இருக்கின்றன. எதை முதலில் எடுப்பது என்பது நம் கையில். அன்றைக்கு எம்டிவி முன் உட்கார்ந்தவர்களுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை, அவர்களுக்குப் படகு முன்னே வந்தது, பேஸ் கிட்டார் பின்னே வந்தது. அட்டையில் பேட்ரிக் நேகல் வரைந்த அந்தப் பெண்ணின் அகலச் சிரிப்பும் இந்தப் பதிப்பில் இருக்கிறது. அதை மட்டும் பார்த்துக்கொண்டே முழு ஆல்பத்தையும் கேட்கலாம்.

2009-ல் இரண்டு சிடிக்களாக இன்னொரு பதிப்பு வந்தது. அதில் அமெரிக்க மறுகலவைகளும், லண்டன் மான்செஸ்டர் சதுக்கத்து ஸ்டூடியோவில் பதிவான ஆரம்ப மாதிரிகளும் சேர்ந்திருக்கின்றன. ஆராய்ச்சி மனம் உள்ளவர்களுக்கு அது விருந்து. அமெரிக்கக் கலவையில் டிரம்ஸ் முன்னுக்கு வந்து ஓங்கி அடிக்கிறது. எனக்கு பிரிட்டிஷ் கலவையின் நெரிசல்தான் பிடித்திருக்கிறது. புதிதாகக் கேட்க வருபவர்கள் ‘நியூ ரிலிஜன்’ என்ற ஆறாவது பாட்டிலிருந்து தொடங்கலாம் என்று சொல்வேன். அதற்கு வீடியோவே எடுக்கவில்லை. லெ பான் தன் குரலையே இரண்டாகப் பிரித்து, ஒன்றோடொன்று வாக்குவாதம் செய்யவிடுகிறார். பேஸ் கிட்டார் நடுவில் நின்று இருவருக்கும் பதில் சொல்கிறது. அதைக் கேட்டுவிட்டு முதல் பாட்டுக்குத் திரும்புங்கள். படங்களை அடுத்த நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

வணக்கம்.