ஸ்லோவில் நிற்காத மெசின்

நேயர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

மாரி ஓய்ந்து வெயில் விழுந்ததும் மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே இருக்கிற எழுவான்கரை மணல் தோட்டங்களில் நடக்கிற முதல் வேலை, மூலையில் மூடிக் கிடந்த மெசினை வெளியே இழுப்பதுதான். தண்ணீர் இறைக்கிற மெசினோ, மிளகாய்க்கும் கத்தரிக்கும் மண் கொத்துகிற சின்ன உழவு மெசினோ, இரண்டிலும் பெரும்பாலும் ஒரே மாதிரி எஞ்சின்தான் இருக்கிறது. ஐந்தரை குதிரைவலு, ஒற்றைச் சிலிண்டர், பெற்றோல். ஹொண்டா ஜீஎக்ஸ் 160, அல்லது அதே அமைப்பில் வருகிற சீன எஞ்சின். கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது. அக்சிலேற்றரைக் கூட்டினால் ஓடுகிறது. குறைத்தவுடன் ஏறுகிறது, இறங்குகிறது, குலுங்குகிறது, நின்றுவிடுகிறது. "ஸ்லோவில் நிற்குதில்ல" என்று, அதாவது குறைந்த வேகத்தில் சீராக ஓடாமல் அணைந்துவிடுகிறது என்று சொல்கிறோமே, அதைத்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

இந்தச் சத்தம் கேட்டதும் எல்லாருடைய கையும் ஸ்குரூ டிரைவரைத் தேடும். ஸ்லோ ஸ்குரூவை இரண்டு சுற்று ஏற்றிவிடுவார்கள். மெசின் அணையாது, உண்மைதான். ஆனால் குறை அப்படியே உள்ளே இருக்கிறது. உழவு மெசினில் இது ஆபத்தும்கூட. சில மெசின்களில் எஞ்சின் வேகம் கூடினால் கிளச் தானாகவே பிடித்துக்கொள்ளும். ஸ்லோவைக் கூட்டி வைத்தால், நீங்கள் அக்சிலேற்றரைத் தொடாமலே கத்தி சுழலும். பக்கத்தில் பிள்ளை நிற்கலாம், உங்கள் கால் இருக்கலாம். ஆகையால் ஸ்குரூ கடைசி வேலை. திரும்பவும் சொல்வேன், ஸ்குரூ கடைசி வேலை.

முதலில் காதால் ஒரு சோதனை. மெசினை ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். குளிர்ந்த எஞ்சின் குலுங்கத்தான் செய்யும், அதை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது. சூடானதும் அக்சிலேற்றரைக் குறைத்துவிட்டு, காற்று வழியை அடைக்கிற சோக்கை மெல்ல மெல்லப் பாதி வரை மூடுங்கள். சத்தம் சீராகிறதா? அப்படியென்றால் எஞ்சினுக்குப் பெற்றோல் போதவில்லை, அல்லது எங்கோ வேண்டாத காற்று நுழைகிறது. சோக் மூட மூட இன்னும் மோசமாகி, கறுப்புப் புகை தள்ளுகிறதா? அப்படியென்றால் பெற்றோல் கூடிப்போயிற்று. காற்று வடி, அதாவது எயார் பில்டர், அடைத்திருக்கும், அல்லது சோக் தகடு முழுதாகத் திறக்கவில்லை, அல்லது பெற்றோலையும் காற்றையும் கலக்கிற காபரேற்றருக்குள், பெற்றோல் வரத்தை மூடித் திறக்கிற மிதவையின் ஊசி வால்வு ஒழுகுகிறது. எந்தப் பக்கம் தேடுவது என்பதை இந்த ஒரு சோதனையே காட்டிவிடும்.

மாரிக்குப் பிறகு வருகிற மெசின்களில் பெரும்பாலும் முதல் வகைதான். காரணம் உண்டு. கார்த்திகை, மார்கழி, தை என்று மூன்று மாதம் மழை. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வேண்டிய தேவையே இல்லை. மெசின் சும்மா கிடக்கிறது. காபரேற்றரின் அடிக்கிண்ணத்தில் கொஞ்சம் பெற்றோல் தங்கியிருக்கும். அதில் லேசான பகுதி ஆவியாகிப் போய்விட, மிச்சம் அரக்குப் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நாளானாலே பெற்றோல் தரம் கெடத் தொடங்கும். மூன்று மாதம் சொல்லவே வேண்டாம். டாங்கியும் அரைகுறையாக இருந்தால் ஈரக்காற்று உள்ளே குளிர்ந்து தண்ணீராகி அடியில் தங்கிவிடும்.

இனி அந்தப் பசை எங்கே போய் அடைக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எஞ்சினுக்குப் பெற்றோல் போக இரண்டு வழி. அக்சிலேற்றர் கூட்டி ஓடும்போது பெற்றோல் பாயத் துளையிட்ட பெரிய ஜெற் வழியாகப் போகிறது. குறைத்து வைத்தால் காபரேற்றருக்குள் இருக்கிற வட்டத் தகடு கிட்டத்தட்ட மூடிவிடும். அப்போது பெரிய ஜெற்றிலிருந்து பெற்றோல் எழும்பாது. சின்ன ஜெற் மட்டும்தான் எஞ்சினைக் காப்பாற்றுகிறது. ஸ்லோ ஜெற் என்பது இதைத்தான். அதன் துளை அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. நாலைந்து தலைமுடியைச் சேர்த்துப் பிடித்த பருமன். துளையின் ஓரத்தில் மெல்லிய பசை படிந்தாலே போதும், ஸ்லோ போய்விடும். கூட்டினால் ஓடுகிறது, குறைத்தால் நிற்கிறது என்பதன் முழு விளக்கமும் இந்தத் துளைக்குள் இருக்கிறது.

ஏறி இறங்குகிற அந்தச் சத்தம், எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்ணரால் வருவது. வேகம் விழுந்தால் கவர்ணர் அந்த வட்டத் தகட்டைத் திறக்கும், ஏறினால் மூடும். பெற்றோல் போதாத எஞ்சினை அது தூக்கிவிடப் பார்க்கிறது. சிலர் கவர்ணர் கம்பியை வளைத்துவிடுகிறார்கள். வேண்டாம், அது தன் வேலையைத்தான் செய்கிறது.

ஜெற்றைக் கழற்ற, எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். வெட்டவெளியில் வையுங்கள், பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. பெற்றோல் குழாயின் திறப்பை மூடுங்கள். கிண்ணத்தின் அடியில் பத்தாம் நம்பர் சாவி போடுகிற ஆணி இருக்கும். அதைத் தளர்த்தி, வருகிறதை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். அடியில் முத்து முத்தாக உருண்டால் அது தண்ணீர். அப்படியென்றால் டாங்கியையும் வெறுமையாக்க வேண்டும். பிறகு கிண்ணத்தைக் கழற்றுங்கள். அதன் ரப்பர் வளையம் பெற்றோலில் ஊறி உப்பியிருந்தால் காயவிடுங்கள், இழுத்து மாட்டாதீர்கள்.

இந்த வகைக் காபரேற்றரில் ஸ்லோ ஜெற் மேலே, வட்டத் தகட்டை நிறுத்துகிற ஸ்லோ ஸ்குரூவின் தலைக்குக் கீழே இருக்கும். அந்த ஸ்குரூவைக் கழற்றுவதற்கு முன் எத்தனை சுற்று உள்ளே இருக்கிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். பிறகு ஜெற்றை மெல்ல மேலே கிளப்பினால் வந்துவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வட்டமாக, சுத்தமாக ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் காபரேற்றர் கிளீனர் அடித்து ஊறவிட்டு, காற்றால் ஊதுங்கள்.

ஊக்கு, ஊசி, சைக்கிள் கம்பி எதையும் உள்ளே விடாதீர்கள். இதைத்தான் இன்றைக்கு அழுத்திச் சொல்ல நினைத்து வந்தேன். ஜெற் பித்தளை, இரும்பு அதைச் சுரண்டிவிடும். 0.35 மில்லிமீற்றர் துளை 0.40 ஆனால் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். பரப்பளவைக் கணக்குப் பாருங்கள், கிட்டத்தட்ட முப்பது சதவீதம் கூடிவிட்டது. அதற்குப் பிறகு அந்த மெசின் எந்த நாளும் கறுப்புப் புகைதான் தள்ளும், பிளக் நனையும், புது ஜெற் வாங்கும்வரை தீராது. கட்டாயம் குத்தித்தான் ஆக வேண்டுமென்றால் நம்முடைய வாவிக்கரையில் கிடைக்காத சாமானா? மீன்பிடிக்கிற நைலோன் இழையான தங்கூசியில் மெல்லிய துண்டு போதும். அது வளைந்து கொடுக்கும், பித்தளையைக் கீறாது. ஜெற் இருந்த குழியையும், வட்டத் தகடு மூடுகிற இடத்தில் இருக்கிற நுண்துளைகளையும் சேர்த்து ஊதுங்கள். ஜெற்றை மட்டும் சுத்தம் செய்துவிட்டு வழியை விட்டால் வேலை பாதிதான்.

மாட்டிய பிறகும் குலுக்கம் இருந்தால் வெளிக்காற்றைத் தேடுங்கள். காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் காற்று ஒழுகாமல் அடைக்கிற கஸ்கெற்றும் ஒரு கறுப்புத் தடுப்புக் கட்டையும் இருக்கின்றன. ஸ்லோவில் ஓடும்போது அந்தப் பொருத்துகளில் சவர்க்காரத் தண்ணீர் தடவுங்கள். சத்தம் மாறினால் அங்கேதான் ஒழுக்கு. பிளக்கையும் பாருங்கள். இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர். பழுப்பு நிறம் நல்லது, கரி படிந்தால் பெற்றோல் கூட, வெளிறியிருந்தால் குறைவு.

காற்று வடியின் பஞ்சைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சுத்தமான எஞ்சின் ஒயிலில் தோய்த்துப் பிழிந்து போடுங்கள். வடி இல்லாமல் ஓட்டவே கூடாது. நம் கரையோர மணல் சிலிண்டரை அரைத்துவிடும்.

எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்குரூ. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். இந்த எஞ்சினின் ஸ்லோ நிமிடத்துக்குச் சுமார் 1400 சுற்று. எண்ணி வைத்த இடத்திலிருந்து தொடங்கி, கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாமல், ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேளுங்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. வால்வு இடைவெளியைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். சுருக்கமாக: ஆறிய எஞ்சினில் உள்வால்வு 0.15, வெளிவால்வு 0.20 மில்லிமீற்றர். பிஸ்ரன் அமுக்க அடியின் (கம்பிரஷன்) உச்சியில் நிற்கும்போது அளக்க வேண்டும். இடைவெளி இல்லாமல் இறுகினால் வால்வு முழுதாக மூடாது. அந்தக் குறை முதலில் ஸ்லோவில்தான் தெரியும்.

இன்னொன்று. ஐப்பசியில் மெசினை மூடி வைக்கும்போது குழாயின் திறப்பை மூடி, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கிண்ணத்தின் அடி ஆணியைத் தளர்த்தி மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். வணக்கம்.