ஊருக்குச் சொல்லுற புத்தி உங்களுக்கு மட்டும் ஏன் வேலை செய்யுதில்லை? | 80 பக்கக் கொப்பி வைத்தியம்

(காட்சி: கிளிநொச்சிப் பக்கம் ஒரு வாய்க்கால் மதவு. ரெண்டு சைக்கிள், மூண்டு பேர், ஒரே கதை.)

அயல் வீட்டுக்காரர் லீசிங்கில லான்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மிசின்) எடுக்கப் போறார் எண்டு கேள்விப்பட்டால், நாங்கள் மதவில இருந்தபடியே அஞ்சு நிமிசத்தில கணக்குப் பாத்துச் சொல்லுவம். "அண்ணை, வருசத்தில எத்தினை நாள் உழவு கிடைக்கும்? மிச்ச மாதத்துக் கட்டுக்காசை ஆர் கட்டுறது?" அருமையான கேள்வி. மதவில இருந்து இதைக் கேட்ட அதே ஆள் அடுத்த மாதம் தானே போய் லீசிங் பேப்பரில கையெழுத்து வைப்பார். அந்தக் கேள்வி அப்ப எங்க போனது?

(தலைப்பிசை)

வணக்கம் உறவுகளே. "ஊருக்குத்தான் உபதேசம்" எண்டு நக்கலடிப்பம் எல்லே? அது வெறும் பொய் வேஷம் இல்லை. எல்லாருக்கும் உள்ள கோளாறு. 2014ல இகோர் குரோஸ்மான், ஈதன் கிராஸ் எண்டு ரெண்டு உளவியலாளர்கள் இதைச் சோதிச்சுப் பாத்தவை. காதலன் அல்லது காதலி துரோகம் செய்திட்டார் எண்டு நினைச்சுப் பாக்கச் சொன்னவை. ஒரு பகுதிக்கு அது தங்கட சொந்தப் பிரச்சினை, மற்றப் பகுதிக்கு அது நண்பரின்ர பிரச்சினை. நண்பருக்காக யோசிச்ச ஆக்கள்தான் நிதானமா யோசிச்சினம். அதுக்கு வைச்ச பேர் "சாலமோன் முரண்". ஒரு பிள்ளைக்கு ரெண்டு தாய்மார் சண்டை பிடிச்ச வழக்கைத் தீர்த்த சாலமோன் ராசாவுக்கு, வீட்டில எழுநூறு மனுசிமார் எண்டு வேதாகமம் சொல்லுது. வழக்குத் தீர்க்கத் தெரிஞ்ச மனுசனுக்கு வீட்டுக் கணக்குத் தெரியேல்லை!

அந்த ஆய்வில 20 முதல் 40 வயதுக்காரரையும் 60 முதல் 80 வயதுக்காரரையும் ஒப்பிட்டும் பாத்தவை. சொந்த விசயம் எண்டு வந்தால் பெரியாக்களும் அதே குழியிலதான் விழுந்தினம். நரைச்சால் ஞானம் தானா வரும் எண்டு காத்திருக்கிற ஆக்கள் இந்த இடத்தைத் திருப்பிப் போட்டுக் கேளுங்கோ.

ஞானம் எண்டால் என்ன எண்டு அரிஸ்டோட்டில் காலத்தில இருந்து கதைக்கினம், அதை விடுவம். இந்த வீடியோவுக்கு ஒரே வரி: முடிவெடுக்கேக்க, தெரிஞ்சது எது, தெரியாதது எது எண்டு பிரிச்சுப் பாக்கிறது.

மருந்து சின்னன். உங்களைப் பற்றி எழுதேக்க "நான்" எண்டு எழுதாமல் உங்கட பேரைப் போட்டு எழுதுங்கோ. குரோஸ்மான் ஆக்கள் 2021ல வெளியிட்ட இன்னொரு ஆய்வில, ஒரு மாதம் நாளும் இப்பிடித் தன்னை வேற ஆளாக வைச்சு நாட்குறிப்பு எழுதின ஆக்களுக்கு நிதானமா யோசிக்கிற தன்மை கூடியிருந்தது. "நான்" எண்டு எழுதின ஆக்களுக்கு அப்பிடிக் கூடேல்லை.

(காட்சி: கொப்பியின் ஒரு பக்கம், கிட்டவா.)

ஒரு பக்கம் எழுதிப் பாப்பம். ஆளின்ர பேர் ரவி எண்டு வைப்பம். சித்திரை மாதம். இரணைமடுக் குளத்தில தண்ணி குறைவு, பயிர்ச்செய்கைக் கூட்டத்தில சிறுபோகத்துக்குக் கொஞ்ச ஏக்கர்தான் விட்டிருக்கினம். ரவிக்குக் கிணத்தோட ரெண்டு ஏக்கர் குத்தகைக்கு வருது. மனுசியின்ர சங்கிலியை அடகு வைச்சு நெல்லுப் போடுவமோ எண்டு யோசினை.

"நான்" எண்டு எழுதினால் இப்பிடி வரும்: "போன போகத்து நட்டத்தை நான் எப்பிடியும் எடுக்கோணும். மச்சானும் போடுறான். நான் விடமாட்டன்."

பேர் போட்டு எழுதினால்: "ரவி போன போகத்து நட்டத்தை இந்தப் போகத்தில எடுக்கப் பாக்கிறார். ஆடியில அந்தக் கிணத்தில தண்ணி எத்தினையாம் வளையத்தில நிக்கும் எண்டு ரவிக்குத் தெரியுமோ? தெரியாது. போன வருசம் இறைச்ச ஆளைக் கேட்டவரோ? இல்லை. மனுசியைக் கேட்டவரோ? அதுவும் இல்லை. ஒரு ஏக்கரில பயறு போட்டால் ரெண்டு மாதத்தில, இல்லாட்டி அதுக்குக் கொஞ்சம் கூட எடுத்திடலாம், நெல்லளவு தண்ணியும் வேண்டாம். அதை ஏன் ரவி யோசிக்கேல்லை?"

பாருங்கோ, கிணத்து வளையம் ரெண்டாவதிலதான் வந்தது. வீறாப்பு போன இடத்தில கேள்வி வந்து குந்தீட்டுது.

இதில தமிழுக்கு ஒரு தனிச் சுகம் இருக்கு. ஆங்கிலத்தில பேரைப் போட்டிட்டு வினையை அப்பிடியே விட்டாலும் பல இடத்தில ஓடும். எங்களுக்கு வாலும் மாறோணும்: "எடுத்தன்" எண்டது "எடுத்தார்" எண்டு வரோணும். இடையில "நான்" நுழைஞ்சால் வால் காட்டிக் குடுத்திடும். அந்த இடத்தில அடிக்கோடு போடுங்கோ. உங்களுக்குச் சுடுற இடம் கூடுதலா அதாத்தான் இருக்கும்.

அடுத்தது, "அவன்" எண்டோ "அவர்" எண்டோ? இது ஆய்வில இல்லை, எங்கட அபிப்பிராயம். "அவர்" எண்டே எழுதுங்கோ, பெண்கள் "அவா" எண்டு எழுதுங்கோ. "ரவி ஒரு மடையன், அவன் எப்பவும் இப்பிடித்தான்" எண்டு தொடங்கினால் அது திட்டு, யோசினை இல்லை. மரியாதை குடுத்தால் மதவில நிண்டு அயல் வீட்டு அண்ணையோட கதைக்கிற தூரம் தானா வரும்.

இனி வேலை. 80 பக்கக் கொப்பி ஒண்டு, பேனை ஒண்டு. தேத்தண்ணிக்குச் சீனி போடுறதுக்கெல்லாம் எழுத வேண்டாம். ஒரு மாத வருமானத்துக்கு மேல போற காசு, திருப்பேலாத கையெழுத்து, ஆரோடயும் கதை அறுகிற சண்டை, இந்த மூண்டுக்கும் மட்டும். மேல திகதி. பக்கத்தில ஒரு வரி: நித்திரை கொண்டவரோ, சாப்பிட்டவரோ, கோவமோ. பிறகு பதினைஞ்சு நிமிசம் பேரைப் போட்டு எழுதுறது. கடைசியா எதிர்பார்ப்பு, இலக்கத்தில: "கிணறு ஆவணி வரைக்கும் தாங்கும், வாய்ப்புப் பத்துக்கு நாலு." "பெரும்பாலும் தாங்கும்" எண்டு எழுதினால் பிறகு எப்பிடியும் வளைக்கலாம். கீழ, திருப்பிப் பாக்கிற நாள். சிறுபோகம் எண்டால் வெட்டு முடிஞ்ச கிழமை.

இலக்கம் ஏன்? பாரூக் ஃபிஷ்ஹோஃப் எண்ட உளவியலாளர் 1972ல அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் சீனாவுக்குப் போக முந்தி, என்ன நடக்கும் எண்டு ஆக்களைக் கணிக்கச் சொல்லி இலக்கம் வாங்கி வைச்சவர். பயணம் முடிஞ்ச பிறகு, "முதல் என்ன இலக்கம் சொன்னனீங்கள்?" எண்டு கேட்டால், நடந்த விசயங்களுக்குத் தாங்கள் முதலே கூட இலக்கம் குடுத்ததா நினைச்சுக்கொண்டு சொல்லிச்சினம். பொய் இல்லை, ஞாபகம் தானே திருத்திப்போட்டுது. 2018 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு "எனக்கு அப்பவே தெரியும்" எண்டு சொல்லாத ஆள் உங்கட ஒழுங்கையில ஆரும் இருந்தவையோ? கொப்பியில இருந்தால் தெரிஞ்சது. இல்லாட்டி இல்லை.

பிழைக்கிற இடங்கள்: முடிவெடுத்த பிறகு எழுதினால் அது வக்கீல் வேலை. இரவு சண்டை முடிஞ்ச கையோட எழுதலாம், ஆனால் முடிவு விடிஞ்சுதான். நாளும் எடுத்து வாசிச்சால் புலம்பல் கொப்பியாப் போகும், குறிச்ச நாள் வரைக்கும் மூடி வையுங்கோ. தலையாட்டுற ஆளிட்டை மட்டும் கேட்காதேங்கோ, அதே வேலையில நட்டப்பட்ட ஒராளையும் கேளுங்கோ.

திருப்பிப் பாக்கிற நாளில மூண்டு கோடு: தெரிஞ்சும் விட்டது, கேட்டிருந்தால் தெரிஞ்சிருக்கும், தெரிய வழியே இல்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிப்பாட்டுவினம் எண்டு முந்தின மார்கழியில குத்தகை எழுதின கமக்காரருக்குத் தெரிய வழியில்லை. அது மூண்டாவது கோடு, தன்னைத் திட்ட ஒண்டும் இல்லை. நவம்பரில தடையை எடுத்தினம், அதையும் அந்த மார்கழியில அவர் கணிச்சிருக்க ஏலாது. கிணத்துத் தண்ணி அப்பிடி இல்லை. அது ரெண்டாவது கோடு, அயல் வளவில ஒரு கேள்வி கேட்டிருந்தால் காணும்.

லாபம் வந்த பக்கத்தையும் இதே மாதிரிப் பாக்கோணும். பத்துக்கு ரெண்டு எண்டு எழுதிப்போட்டு, எதிர்பாராத மழையால தப்பினால் அது கெட்டித்தனம் இல்லை. இந்தப் பக்கத்தை ஒருத்தரும் திருப்பிறதில்லை, வென்ற பக்கம் எல்லே!

சரி உறவுகளே, கொமன்ட்டில உங்கட ஒரு முடிவை எழுதுங்கோ. ஒரு நிபந்தனை: "நான்" வரப்படாது, வாலும் மாறியிருக்கோணும். மச்சானைப் பற்றி எழுதாதேங்கோ, அவர் தன்ர கொப்பியில எழுதட்டும்.