கேப் போடுறதுக்கு முன்னாடி பல்லை ஏன் இவ்ளோ செதுக்குறோம்?

(மேஜை மேல மூடியோட ஒரு ஓலைக்கொட்டான், ஒரு பல்லாங்குழிப் பலகை, பிளாஸ்டர்ல செஞ்ச பல்லு மாடல்.)

வணக்கம் மக்களே, பின்னாடி மீன் வண்டி சத்தம் கேக்கும், மண்டபம் ஊருல கிளினிக் வச்சா அப்படித்தான், கண்டுக்காதீங்க.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி பாம்பன்லேருந்து ஒரு அண்ணன் வந்தாரு. சட்டைப்பையில சின்ன பாலித்தீன் கவர், அதுக்குள்ள அவரோட கேப்பு. "மூணாவது தடவை கழண்டுருச்சு டாக்டரே, இந்தவாட்டி நல்ல பசையா போட்டு ஒட்டி விடுங்க"ன்னாரு. வாயத் திறந்து பாத்தா பசை மேல தப்பே இல்ல, செதுக்குன பல்லு கூம்பா நிக்குது, கடலை மடிக்கிற பேப்பரைக் கவுத்து வச்ச மாதிரி. அது மேல எந்தப் பசையப் போட்டாலும் கழண்டுதான் வரும்.

(கொட்டான் மூடியக் கழட்டி மாட்டி.)

இந்த மூடியப் பாருங்க, இறுக்கி நிக்குதுல்ல? சுவரு கிட்டத்தட்ட நேரா இருக்கதாலதான். அதுக்காக அச்சு அசலா நேராவே செதுக்கிட்டா கேப்பு உள்ள இறங்காது, அதனால துளியூண்டு சாய்ப்போம். புத்தகத்துல எதிரெதிர் சுவர் ரெண்டும் சேத்து 6 டிகிரின்னு இருக்கும், நெசத்துல வாய்க்குள்ள கைய விட்டு வேலை செய்யும்போது 10லேருந்து 20 வரைக்கும் வந்துரும், அது பரவால்ல. உயரமும் வேணும், கடைவாய்ப்பல்லுன்னா 4 மில்லிமீட்டராவது நிக்கணும். அந்த அண்ணனுக்கு ரெண்டுமே இல்ல. செதுக்குனத திரும்ப ஒட்ட முடியாதே, அதனால பல்லோட பக்கச் சுவருல ரெண்டு சின்ன காடி வெட்டி, மரத்துல ஆசாரி வெட்டுவாருல்ல அது மாதிரி, புதுசா அளவெடுத்து வேற கேப்பு போட்டோம்.

சரி, மேல ஏன் இவ்ளோ எடுக்குறோம்? கேப்புக்குன்னு ஒரு கனம் இருக்கு, அதுக்கு எடம் வேணும், அவ்ளோதான். முழு உலோகம்னா கடிக்கிற பக்கம் 1லேருந்து 1.5 மில்லிமீட்டர், உலோகத்து மேல பீங்கான் போட்டதுன்னா 2 வரைக்கும். கம்மியா எடுத்தா கேப்பு மெலிசாகி ஒடையும், இல்லன்னா உயரமா நின்னு கடிக்கும்போதெல்லாம் இடிக்கும். கூடுதலா எடுத்தா இன்னும் மோசம், ஏன்னா பல்லு மேல கெட்டியா மூடியிருக்க எனாமல், பல்லோட மேட்டு முனையிலயே 2, 2.5 மில்லிமீட்டர்தான், அது நகம் மாதிரி திரும்ப வளராது. அதனாலதான் எதுக்கெடுத்தாலும் முழு கேப்புன்னு சொன்னா எனக்குக் கொஞ்சம் கோவம் வரும்.

இன்லே, ஆன்லேன்னு ரெண்டு இருக்கு, நம்ம பக்கம் யாரும் கேக்கறதே இல்ல. பல்லு மேட்டுக்கு நடுவுல உள்ள குழிய மட்டும் நிரப்புறது இன்லே, ஒரு மேட்டையோ ரெண்டு மேட்டையோ சேத்து மூடுனா ஆன்லே. ரெண்டையும் வெளிய செஞ்சு கொண்டாந்துதான் வைக்கணும், அதனால குழி இந்தப் பல்லாங்குழி மாதிரி வாய் விரிஞ்சு இருக்கணும். பானை மாதிரி உள்ள அகலமா, வாய் குறுகலா இருந்தா சாமான் இறங்காது. பழைய வெள்ளி சிமெண்டு அடைப்புக்கு அந்தப் பானை வடிவம்தான் புடிக்கும், பிசைஞ்சு திணிக்கிறதாச்சே, இதுக்கு நேர் எதிர். 1907ல டாகர்ட்னு ஒரு அமெரிக்க பல் டாக்டரு மெழுகுல செஞ்சு, மெழுக உருக்கிட்டு தங்கத்த ஊத்தி இன்லே வார்க்கிற முறையக் காட்டுனாரு, நம்ம சுவாமிமலையில சாமி சிலை வார்க்கிறாங்களே, அடிப்படை அதேதான்.

பீங்கான் இன்லேன்னா உள்மூலை எதுவும் கூரா இருக்கக் கூடாது, மழுக்கி உருட்டி விடணும். கண்ணாடி வெட்டுறவரு முதல்ல ஒரு கீறல் போட்டுட்டுத்தான ஒடைப்பாரு, அந்தக் கீறல் வேலைய கூர்மூலை பாத்துரும்.

"தண்ணிய அடிச்சே முக்கி எடுக்குறீங்களே"ன்னு திட்டுவீங்க. பல்லு செதுக்குற அந்த மெஷின் நிமிசத்துக்கு 3 லட்சம் சுத்துக்குப் பக்கத்துல ஓடுது, தண்ணி இல்லன்னா பல்லு சுட்டுரும். 1965ல குரங்குப் பல்லுல சோதிச்சாங்க, உள்ள 5.5 டிகிரி சூடு ஏறுனதுக்கே சுமாரா 15 சதவீதம் பல்லுல உள்ளிருக்க நரம்பு மீளல. அதனால திட்டுங்க, தண்ணிய நிப்பாட்ட மாட்டேன்.

செதுக்கி அளவெடுத்த அன்னைக்கு ஒரு தற்காலிக கேப்பு ஒட்டி அனுப்புவோம், அது வேணும்னே லேசான பசை, அடுத்தவாட்டி நாங்க கழட்டணுமே. மீன் புடிக்கிற தங்கூசி நரம்ப பல்லால கடிச்சு அறுக்கறவங்க அந்தப் பக்கம் கொண்டு போகவே கூடாது. அது கழண்டா அன்னைக்கே வந்துருங்க, "வலிக்கலயே"ன்னு விட்டா பல்லு மெல்ல நகந்துரும், ஈறு மேல ஏறிரும். தை மாசம் கீழக்கரையிலேருந்து ஒரு லாத்தா, பனங்கிழங்கக் கடிச்சு இழுத்துருக்காங்க, நாரோட சேந்து தற்காலிக கேப்பும் வந்துருச்சு, பத்து நாள் கழிச்சுத்தான் வந்தாங்க. செஞ்சு வச்ச கேப்பு உக்காரவே இல்ல. திரும்ப முதல்லேருந்து அளவெடுத்தோம், போகும்போது பைக்குள்ளேருந்து எனக்கும் ஒரு கட்டு கிழங்கு எடுத்து வச்சுட்டுப் போனாங்க.