கார்த்திகையில் காணி பார்க்க வாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

போன ஆடி மாதம் என் தங்கையின் மகன் திருகோணமலை மாவட்டத்தில், மூதூர்ப் பக்கம் ஒரு காணி காட்டினான். இருபது பேர்ச். தரை வெடித்துக் கிடந்தது, நாலைந்து எருமைகள் மேய்ந்துகொண்டு நின்றன. "மாமா, சும்மா கிடக்கிற பள்ளக்காணி. மூன்று அடி மண் போட்டால் சரி" என்றான். புரோக்கரும் தலையாட்டினார். புரோக்கர் வேறென்ன செய்வார்?

நான் வாய்க்கால் மட்டம் பார்த்தே வயது போனவன். எனக்கு அந்தக் காணி சும்மா கிடப்பதாகத் தெரியவில்லை.

மகாவலி ஆறு 335 கிலோமீற்றர் ஓடி, நாட்டின் ஆறில் ஒரு பங்கு நிலத்தின் மழையை வாரிக்கொண்டு நம்மிடம்தான் வருகிறது. ஒரு கிளை வெருகலாகப் பிரிய, மற்றது கொட்டியாரக்குடாவில் விழுகிறது. மலைநாட்டில் இறங்கிப் பாயும் ஆறு, இங்கே தரை சமமானதும் கரையை விட்டு இருபக்கமும் பரவும். அப்படிப் பரவி நின்று, மெல்ல மெல்ல வடியும் பள்ளங்களைத்தான் வில்லு என்கிறோம். மாரியில் குளம், கோடையில் மேய்ச்சல் தரை. மேலே பொலன்னறுவைப் பக்கத்தில் இப்படியான நிலத்துக்காகவே 1984 இல் வெள்ளச் சமவெளி தேசியப் பூங்காவை அமைத்தார்கள். ஆனால் நம் வீட்டுப் பக்கத்து வில்லுக்கு வேலியும் இல்லை, பலகையும் இல்லை.

ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். உப்பாறு, இறால்குழி. மல்லிகைத்தீவு கடலுக்குள் இல்லை; சுற்றிலும் வயல். பிறகேன் தீவு? மாரியில் பார்த்த யாரோ வைத்த பெயர் என்பது என் ஊகம்.

இதையெல்லாம் நாம் மறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எண்பதுகளில் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல என்று மேலே அணைகள் எழுந்தன. சின்ன வெள்ளங்களை அவை பிடித்துவைத்தன. பள்ளக்காணியில் தண்ணீர் ஏறாத வருடங்கள் வந்தன, வீடுகளும் வந்தன. ஆனால் பெருவெள்ளத்தை அணை முழுதாகப் பிடிக்காது. நிறைந்தால் திறந்துதான் ஆகவேண்டும். 2011 சனவரியில் பட்டோம். 2025 நவம்பரில், டித்வா புயலோடு, மூதூரும் வெருகலும் மறுபடி பட்டன.

இனி அந்த மூன்று அடி மண்ணின் கணக்கு. இருபது பேர்ச் என்றால் 5,445 சதுர அடி. மூன்று அடி உயர்த்த 163 கியூப் மண் வேண்டும் (ஒரு கியூப் என்பது நூறு கன அடி); மூன்று கியூப் ஏற்றும் டிப்பரில் ஐம்பத்தைந்து லோட். மருமகன் இதுவரை கணக்குப் போட்டிருந்தான். அந்த மண் உட்கார்ந்த இடத்தில் முன்பு வெள்ளம் நின்றதே, ஏறக்குறைய நாலரை இலட்சம் லீற்றர், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது பக்கத்துக் காணிக்குப் போகும். அவரும் மண் போடுவார். கடைசியில் மண் போட வசதியில்லாதவரின் அடுப்படியில் போய் நிற்கும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. வயற்காணி நிரப்புவதென்றால் 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி எழுத்தில் அனுமதி வேண்டும். 4 ஹெக்டேயருக்கு மேல் ஈரநிலம் நிரப்பினால் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும் என்று 1993 இல் வர்த்தமானியில் போட்டார்கள். 4 ஹெக்டேயர் என்பது இருபது பேர்ச்சில் கிட்டத்தட்ட எண்பது துண்டு. எண்பது பேர் தனித்தனியாக நிரப்பினால்? ஒவ்வொருவரும் சின்ன ஆள். தண்ணீருக்கு எல்லாம் ஒரே நிரவல்தான்.

"கான் வெட்டிவிடலாம்", அதாவது வடிகால் வெட்டிவிடலாம் என்பார்கள். கான் எங்கே போய் விழுகிறது என்று கேளுங்கள். ஆற்றில். ஆறு பெருகி, கானின் வாயை விட மேலே ஏறிவிட்டால் அதே கான் வழியாகத் தண்ணீர் ஊருக்குள் வரும். அந்த மாதங்களில்தான் வாடையும் கடலைக் கரைக்குத் தள்ளும், கழிமுகம் வெளியே தள்ள முடியாமல் திணறும். கானின் வாயில் ஒருவழிக் கதவு போடலாம். ஆறு உள்ளே வராது. ஆனால் கதவு மூடியிருக்கும் நேரம் ஊருக்குள் பெய்யும் மழை எங்கே நிற்பது? அதற்குத்தான் அந்தப் பள்ளம். அதைத்தான் நிரப்பிவிட்டோம்.

இன்னொன்று, சொல்லக் கொஞ்சம் கூச்சமான விசயம். நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் நிற்கும் காணியில் மலசலகூடக் குழி மாரியில் வடியாது. அது கிணற்றைத் தேடிப் போகும். இருபது பேர்ச்சில் குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் விடுவீர்கள்?

கட்டத்தான் வேண்டுமென்றால் முழுக் காணியையும் நிரவாமல் வீடு நிற்கும் இடத்தை மட்டும் தூண் வைத்து உயர்த்துங்கள். தண்ணீர் கீழால் போகட்டும். உங்கள் படலைக்கு முன்னால் உள்ள மதகை அடைக்காதீர்கள். வாங்க முன்னர் விதானையாரிடம் (கிராம சேவகரிடம்) காணி உறுதியைப் பற்றிக் கேட்பதோடு நில்லாமல், வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையிடம் வடிச்சல் எந்தப் பக்கம் என்றும் கேளுங்கள். பக்கத்துப் பழைய சுவரில் சேற்றுக் கோடு எந்த உயரத்தில் என்று பாருங்கள்.

மருமகன் அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. இந்நேரம் கேட்டுக்கொண்டிருப்பான் என்று நினைக்கிறேன். தம்பி, கார்த்திகை பிறந்து நாலு நாள் அடைமழை பெய்யட்டும். புரோக்கரையும் கூட்டிக்கொண்டு வா. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்று பேரும் போய்ப் பார்ப்போம்.