பழைய டர்ட் பைக்கைப் பார்த்து வாங்குதல்

நேயர்களுக்கு வணக்கம். பழைய வண்டி வாங்கும்போது, தார்ச்சாலையில் மட்டுமே ஓடிய வண்டியையும் கல்லிலும் சேற்றிலும் உழன்ற டர்ட் பைக்கையும் ஒரே கண்ணோடு பார்க்கக் கூடாது என்று நான் வெகுகாலமாகச் சொல்லி வருகிறேன். 2019-இல் விற்பனைக்கு வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 நம் பக்கத்தில் எளிதில் கிடைப்பதால், அதையே எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்கிறேன். 21 அங்குல முன்சக்கரமும் 220 மில்லிமீட்டர் தரை இடைவெளியும் கொண்ட வண்டியை வாங்கியவர், அதைக் காட்டுப்பாதையில் இறக்காமலா இருந்திருப்பார்?

முதல் வேலை, இன்ஜினைத் தொட்டுப் பார்ப்பது. அது ஆறியிருக்க வேண்டும். ஓசூர் அருகே நண்பருக்காக ஒரு வண்டியைப் பார்க்கப் போனபோது, இன்ஜின் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. பால் வாங்கிவரக் கடைக்குப் போனதாக உரிமையாளர் சொன்னார். நாங்கள் ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டு, மறுநாள் விடியற்காலையில் சொல்லாமலே போய் நின்றோம். ஸ்டார்ட் செய்ததும் சைலென்சரிலிருந்து புகை கிளம்பியது. "பனிக்கு அப்படித்தாண்ணே வரும்" என்றார். ஓசூர்க் குளிரில் நீராவி வருவது உண்மைதான். ஆனால் அது வெண்மையாக வந்து, இன்ஜின் சூடேறியதும் நின்றுவிடும். இதுவோ நீலம் பாய்ந்து, எண்ணெய் கருகும் வாடையோடு முற்றத்திலேயே தங்கி நின்றது. இன்ஜினுக்குள் ஆயில் எரிகிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஆகவே மீண்டும் சொல்கிறேன், ஆறிய இன்ஜினைத்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும்.

அந்தப் புகைக்கு ஒரு காரணம் ஏர் ஃபில்டர் பெட்டியிலும் இருக்கக்கூடும். வெளிப்புறத்தை எவரும் கழுவிப் பளபளக்க வைக்கலாம். ஃபில்டருக்கு அப்பால் இன்ஜினை நோக்கிச் செல்லும் குழாயின் உட்புறத்தை எவரும் துடைப்பதில்லை. அங்கே வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். புழுதி ஒட்டினால் அது பிஸ்டன் வரை போயிருக்கும். போன புழுதி உப்புத்தாள்போல் சிலிண்டரைத் தேய்த்திருக்கும்.

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் சிக்கி நின்றால் பேரிங் குழிந்துவிட்டது என்று பொருள். ஃபோர்க் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் ஆயில் சீல் போய்விட்டது. ஸ்போக்குக் கம்பிகளை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டினால், தளர்ந்த கம்பி மந்தமான ஒலியால் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இன்ஜினுக்கு அடியிலுள்ள காப்புத் தகட்டில் கீறல் இருப்பது இயல்பு. அதற்கு மேலே ஃபிரேமின் வெல்டிங்கில் விரிசலோ புதுப் பெயின்ட்டோ தெரிந்தால் பேரம் பேசாமலே திரும்பிவிடலாம்.

நேரம் நெருங்குவதால் ஆவணங்களைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். சேஸிஸ் எண் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். கடன் நிலுவை இருந்திருந்தால் அது தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35, வெளிமாநிலமான கர்நாடகப் பதிவு வண்டியானால் தடையின்மைச் சான்றான படிவம் 28, உரிமை மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30 ஆகியவற்றைக் கையெழுத்தோடு பெற்ற பிறகே பணத்தைக் கொடுங்கள். காப்பீட்டை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். வணக்கம்.