கெளுத்தியும் கோதுமை பீரும்

(ராயபுரத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். பழக்கமில்லாத ஒரு பீரைச் சுவைத்து, அதைப் பற்றி எப்படிக் கருத்துச் சொல்வது என்று பேச வந்திருக்கிறேன். காசிமேட்டில் மீன் வாங்குகிறவர்களிடமிருந்து தொடங்குகிறேன். நம் வீட்டுப் பெண்கள் அங்கே செவுளைத் தூக்கிப் பார்க்கிறார்கள், சதையை விரலால் அழுத்துகிறார்கள், முகர்கிறார்கள். கெளுத்தியை வாயிலேயே வைக்காதவர்கூட, அந்தக் கெளுத்தி இன்று கரைக்கு வந்ததா, இரண்டு நாள் ஐஸில் கிடந்ததா என்று சரியாகச் சொல்லிவிடுவார். தனக்குப் பிடிக்குமா என்பது ஒன்று, பொருள் நன்றாக இருக்கிறதா என்பது வேறு. மீனில் இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், பீர் என்று வந்தால் ஒரே மிடறில் இரண்டையும் குழப்பிவிடுகிறோம்.

நானும் குழப்பியவன்தான். சரக்குக் கப்பலில் இயந்திரப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில், ஹாம்பர்க் துறைமுகத்துக்கு அருகே ஒரு கடையில், உயரமான கண்ணாடிக் குவளையில் கலங்கலான கோதுமை பீர் ஒன்றைத் தந்தார்கள். அதுவரை நான் அறிந்ததெல்லாம் பல் கூசும் அளவுக்குக் குளிர்ந்த, லாகர் என்னும் வழக்கமான தெளிந்த பீர் மட்டுமே. முதல் மிடறில் வாழைப்பழ வாசனை வந்தது, அதன் பின்னாலேயே கிராம்பும் வந்தது. எஸன்ஸ் ஊற்றி ஏமாற்றுகிறார்கள் என்றும், கலங்கியிருப்பதால் கெட்டுப்போனது என்றும் உடன் வந்தவர்களிடம் சொல்லிவிட்டு, பாதியிலேயே எழுந்து வந்தேன்.

இரண்டுமே தவறு. தெற்கு ஜெர்மனியின் பவேரியப் பாணியிலான அந்த பீரில் வாழைப்பழமும் இல்லை, கிராம்பும் இல்லை. வாழைப்பழத்தில் இருக்கும் அதே ஐசோஅமைல் அசிட்டேட்டையும், கிராம்பின் மணத்தை ஒத்த இன்னொரு சேர்மத்தையும் நொதிக்கும்போது ஈஸ்டே உண்டாக்கிவிடுகிறது. வடிகட்டாமல் விடுவதால் கலங்கல் தங்குகிறது. 1516 ஆம் ஆண்டின் பவேரிய ஆணை பார்லி, கசப்பு தரும் ஹாப்ஸ் பூ, தண்ணீர் ஆகிய மூன்றை மட்டுமே பீருக்கு அனுமதித்தது. கோதுமைக்குப் பின்னாளில் தனிச் சலுகை கிடைத்தது. இத்தனை மணத்தையும் தரும் ஈஸ்டின் பெயர் அந்த ஆணையில் இல்லவே இல்லை என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அப்படியானால் எதையுமே குறை சொல்லக் கூடாதா? சொல்ல வேண்டும், உறுதியாகச் சொல்ல வேண்டும். ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் வெளிச்சம் பட்டுச் சிதைந்தால் கந்தகம் கலந்த நாற்றம் எழும். பழுப்பு பாட்டில் அதைப் பெருமளவு தடுக்கும், பச்சை பாட்டில் அவ்வளவாகத் தடுக்காது. நம் ஊர் வெக்கையில் மாதக்கணக்கில் கிடந்த பீரில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாசனை வரும். இவை பழுதுகள். புளிப்பு அப்படியன்று. லாகர் புளித்தால் அது கெட்டுவிட்டது என்று பொருள், பெல்ஜியத்தின் லாம்பிக் பீருக்கோ புளிப்புதான் உயிர். ஆகவே, குவளையில் இருப்பது என்ன வகை என்று கேட்டறிந்த பிறகே வாயைத் திறக்க வேண்டும்.

நெத்திலி வறுவலைத் தொடுவதற்கு முன்பே முதல் மிடறை எடுத்துக்கொள்ளுங்கள், மிளகாயில் எரியும் நாக்கு சாட்சி சொல்லாது. பாட்டிலோடு குடிக்காமல் குவளையில் ஊற்றி முகருங்கள், ஏனென்றால் சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. கடுங்குளிர் மணத்தை எழவிடாது என்பதால், சற்றுப் பொறுத்து, 8 டிகிரி அளவுக்கு வந்தபின் மறுபடியும் சுவைத்துப் பாருங்கள். அரைக் குவளை போதும், போதை ஏறிய பிறகு எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். கசப்பை மட்டும் காரணம் காட்டி ஒதுக்காதீர்கள். பாகற்காயையும் சுண்டைக்காய் வற்றலையும் சிறு வயதில் துப்பிய நாம்தான் இன்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறோம்.

ஆறு ஆண்டுகள் கழித்து அதே துறைமுகத்தில் அதே கோதுமை பீரைக் கேட்டு வாங்கி, நிதானமாக முழுவதும் குடித்தேன். நேர்த்தியாகச் செய்யப்பட்ட பீர் அது. அந்த வாழைப்பழ மணம் மட்டும் எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.